பெருஞ்சம்பளம் எவ்வாறு வருகிறது?

மாணவர் நால்வர் கூடுமிடத்தெல்லாம் ஓயாது எழும் வினா ஒன்றுண்டு: மிகப் பெரிய சம்பளம் பெறுதற்கு வேண்டுவன யாவை? பட்டம் என்பார் சிலர். உழைப்பு என்பார் சிலர். ஊழ் என்பார் வேறு சிலர். தமிழ் பயிலும் நம்மை நோக்கி, "இப்படிப்பினால் என்ன கிடைக்கும்?" என்று கேளாத உறவினரோ அரியர். ஆதலின் இவ்வினாவை, நம் பக்கத்தே தோன்றிய ஒருவரது வரலாற்றைக் கொண்டு ஆராயப் புகுந்தோம்.

நாமக்கல் சமவெளியின் மேற்கெல்லையிற் காவிரி ஓடுகிறது. அதன் மறுகரையில் உள்ளது கொடுமுடி. அவ்வூரில் 1908-ஆம் ஆண்டு எளிய குடும்பத்திற் பிறந்தவர் கே. பி. சுந்தராம்பாள் அம்மையார். இளமையில் வறுமையால் புகைவண்டியிற் பாடினாரென்பர். பின்னர் நாடகக் குழுவிற் சேர்ந்து, தமிழகத்தும் இலங்கையிலும் பெரும் புகழ் எய்தினார். கணவர் எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் மறைந்தபின் மேடையை விட்டு ஒதுங்கியிருந்தார். அப்போது "நந்தனார்" என்னும் பேசும்படத்தில் நடிக்குமாறு பட முதலாளிகள் வேண்டினர். மறுத்தனுப்பும் கருத்துடனேயே அம்மையார் ஓரிலட்சம் ரூபாய் கேட்டாரென்றும், அவர்கள் அதற்கும் இசைந்தனரென்றும் கூறுவர். படம் 1935-இல் வெளிவந்தது. ஒரு முழுப் படத்தையே அத்தொகைக்குட் பலர் எடுத்து முடித்த காலம் அது.

அத்தொகை எதனால் வந்தது? முதலாவது காரணம், திறமையின் அருமை. நன்றாகப் பாடுவோர் பலர் இருந்தனர். அக்குரலை உடையவர் ஒருவரே. ஒருவருக்குப் பதிலாக மற்றொருவரை அமர்த்தக் கூடுமாயின், சம்பளம் அம்மற்றொருவர் கேட்கும் அளவிலேயே நின்றுவிடும்.

இரண்டாவது, நெடுநாட் பயிற்சி. ஒலிபெருக்கியில்லாத கொட்டகையிற் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்கப் பாடுதல் ஓரிரவில் வாய்ப்பதன்று. சிறுமிப் பருவந்தொட்டுச் சிறுகூலிக்குப் பாடிய ஆண்டுகளே பின்னர் விலை பெற்றன.

மூன்றாவதே மிக நுட்பமானது. அதுவே பலராலும் மறக்கப்படுவது. ஆங்கிலேயப் பொருளியலறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல், பாடகரின் வருவாய்க்கு ஓர் எல்லை உண்டென்றார்; மனிதக் குரல் எட்டும் தூரத்திலுள்ளோர் தொகையே அவ்வெல்லை. பேசும்படம் பிறக்குமுன்னரே, 1924-இல், அவர் காலமானார். தமிழ்ப் பேசும்படம் 1931-இல் "காளிதாஸ்" மூலம் தோன்றியதும் அவ்வெல்லை உடைந்தது. ஒருமுறை பாடியது ஒரே இரவிற் பல ஊர்களில் ஒலித்தது. திறமை பழையதே, அதனைப் பலரிடம் கொண்டு செல்லும் கருவி புதிது. அக்கருவியைக் கைக்கொண்ட முதலாளிகளுக்கே அவ்வளவு பணம் கொடுக்க இயன்றது.

நான்காவது, "வேண்டா" என்று சொல்லக்கூடிய நிலை. அன்றாடச் சோற்றுக்கு வழியற்றவர் கொடுத்ததைப் பெறுவர். மறுக்கக் கூடியவரே விலை கூறுவர்.

இனி, இதன் மறுபுறத்தையும் காண்போம். அதே 1935-ஆம் ஆண்டு, திருச்செங்கோட்டினரான டி. ஆர். சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். ஆங்கே தச்சரும், மின்தொழிலாளரும், ஒப்பனைக்காரரும் மாதச் சம்பளத்திற்கு உழைத்தனர். அவர்களின்றிப் படமே இல்லை. எனினும் இலட்சம் அவர்களைத் தேடி வரவில்லை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் தொழிலாளியின் நிலையும் இன்று அதுவே. அவர் கைத்திறனும் பல்லாண்டுப் பயிற்சியால் வந்ததே. ஆயினும் ஒரு நேரத்தில் ஒரு லாரியிலன்றோ அவர் கை வேலை செய்யும்? ஆகவே சம்பளம் உழைப்பின் அளவுகோலன்று. மனிதரின் மதிப்பை அளக்கும் கோல் அன்றே அன்று. திறமை எத்துணை அரிது, எத்துணைப் பேரை எட்டுகிறது என்பவற்றையே அது பெரிதும் காட்டும். அதுவும் கொடுப்போரின் எதிர்பார்ப்பேயன்றி உறுதியன்று; ஓரிலட்சம் கொடுத்தும் "நந்தனார்" எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை.

இவற்றால் மாணவராகிய நாம் அறியத்தக்கது யாது? நான்கனுள் கருவி காலத்தின் கையில் உள்ளது. மறுக்கும் நிலையோ பெரும்பாலும் குடும்ப நிலையைப் பொறுத்தது. குரல் போன்ற அருமையும் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. நம் கையில் முழுவதும் உள்ளது பயிற்சியொன்றே. பேசும்படம் வருமென்று அறிந்து கொடுமுடிச் சிறுமி பாடப் பழகவில்லை. அது வந்தபோது அவர் குரல் பழகி நின்றது. எனவே உறவினர் மீண்டும் வினவின், "பெருஞ்சம்பளம் வருமென்று உறுதி கூற எம்மால் இயலாது, எடுத்த படிப்பைத் திருத்தமாகக் கற்போம் என்பதை மட்டும் உறுதியாகக் கூறுவோம்" என்று அஞ்சாது விடை கூறலாம்.