குறு, சிறு தொழில் நிறுவனங்களின் நிலுவைத் தொகையும் 45 நாள் விதியும்: மூன்று வழிமுறைகளின் ஒப்பீட்டு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

பொருளை வாங்கிய நிறுவனம் உரிய காலத்தில் பணம் தராமையால் குறு, சிறு தொழில் முனைவோர் நடைமுறை மூலதனமின்றி இடர்ப்படுகின்றனர். இச்சிக்கலைத் தீர்க்க இந்தியாவில் மூன்று வழிமுறைகள் உருவாகியுள்ளன. அவை 2006ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கும் வட்டி உரிமை, வருமான வரிச் சட்டத்தில் 2023இல் சேர்க்கப்பட்ட வரி விதி, ‘ட்ரெட்ஸ்’ எனப்படும் மின்னணு வணிக நிலுவைத் தளம் என்பனவாகும். இவை செயல்படும் முறையை விளக்கி, ஒவ்வொன்றிலும் ‘முதலில் அசைய வேண்டியவர் யார்?’ என்னும் வினாவின் வழி அவற்றின் வலிமையையும் எல்லையையும் இக்கட்டுரை ஒப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: குறு, சிறு நிறுவனங்கள், நிலுவைத் தொகை, வணிகக் கடன், நடைமுறை மூலதனம், ட்ரெட்ஸ், 45 நாள் விதி.

முன்னுரை

தொழில் முனைவு குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் தொடக்க முதலீடு, வங்கிக் கடன், புத்தாக்கம் ஆகியவற்றை மையப்படுத்துகின்றன. ஒரு தொழிற்கூடம் ஆணை பெற்று, பொருளைச் செய்து, தரச்சோதனையில் தேறி, வாங்குநரிடம் ஒப்படைத்த பின்னரும் நலிவுறக்கூடும் என்பது அவற்றில் போதிய கவனம் பெறுவதில்லை. விற்பனை நடந்துவிட்டது, கணக்கேட்டில் இலாபமும் தெரிகிறது. எனினும் வாரக் கூலி கொடுக்கக் கையில் பணமில்லை. கோயம்புத்தூரின் வார்ப்படப் பட்டறை, ஓசூரின் உதிரிபாகக் கூடம், திருப்பூரின் ஒப்பந்தத் தையற்கூடம் என எத்தொழில் நகரிலும் இந்நிலை புதிதன்று.

இச்சிக்கல் சட்டத்தின் கண்ணில் படாமலும் இல்லை. சிறுதொழில்களுக்குத் தாமதமாகத் தரப்படும் தொகைக்கு வட்டி விதிக்கும் சட்டம் 1993இலேயே இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் வந்து, அவ்வாண்டு அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னரும் புதிய வழிமுறைகள் தேவைப்பட்டமைக்குக் காரணம் என்ன என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

1. நிலுவைத் தொகை என்னும் கடன்

பொருளை முதலில் தந்து பணத்தைப் பின்னர் பெறுவது வணிகக் கடன் எனப்படும். வங்கிக் கடன் எளிதில் கிடைக்கும் நிறுவனங்கள், அது கிடைக்காத தம் வாடிக்கையாளர்களுக்குத் தவணை தந்து உதவுகின்றன என்பது இத்துறையின் செல்வாக்குமிக்க கருத்துகளுள் ஒன்று. பீட்டர்சன், இரகுராம் ராஜன் ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கச் சிறு நிறுவனங்களின் தரவுகளைக் கொண்டு இதனை விரிவாக ஆராய்ந்தது. இக்கருத்தின்படி கடன், வலியவரிடமிருந்து எளியவரை நோக்கிப் பாய்கிறது.

பெரிய நிறுவனத்திற்கு உதிரிபாகம் வழங்கும் சிறு பட்டறையில் இத்திசை தலைகீழாகிறது. குறைந்த வட்டிக்குக் கடன் பெறக்கூடிய வாங்குநர், கூடுதல் வட்டிக்குக் கடன் பெறும் வழங்குநரிடமிருந்து வட்டியின்றிப் பணம் பெறுகிறார். இதனை இயலச் செய்வது பேரம் பேசும் ஆற்றலின் ஏற்றத்தாழ்வே. வழங்குநருக்கு அவ்வாங்குநர் தம் விற்பனையில் பெரும்பங்கு. வாங்குநருக்கோ அவர் பலருள் ஒருவர். ஆகவே நிலுவைத் தொகையைக் கணக்கியற் சிக்கலாக மட்டும் காணாது, அதிகார உறவாகவும் காண வேண்டியுள்ளது.

2. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

தாமதத்தின் விலையை உணர ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்ளலாம். ஒரு சிறு பட்டறை ரூ.10 இலட்சம் மதிப்புள்ள பொருளை 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியுடன் ரூ.11.80 இலட்சத்திற்கு விற்கிறது. 2024 ஜனவரி 1 அன்று வாங்குநர் பொருளை ஏற்கிறார். எழுத்துவழி ஒப்பந்தப்படி 45 நாள் தவணை. எனவே பிப்ரவரி 15க்குள் பணம் வரவேண்டும். வந்ததோ ஜூன் 15 அன்று. பட்டறையின் இலாபம் விற்பனை மதிப்பில் 8 விழுக்காடு, அதாவது ரூ.80,000 என்றும், இடைப்பட்ட காலத்தை அது 12 விழுக்காட்டு வட்டிக் கடனில் ஓட்டுகிறது என்றும் கொள்வோம்.

முதல் ஒன்றரை மாதத்திற்கான வட்டி ரூ.17,700. இது பட்டறை எதிர்பார்த்த செலவு. அது போக ரூ.62,300 எஞ்சும். தாமதமான நான்கு மாதங்கள் மேலும் ரூ.47,200ஐ விழுங்குகின்றன. முடிவில் மிஞ்சுவது ரூ.15,100. பொருளின் தரத்திலோ உழைப்பிலோ குறையின்றியே இலாபத்தின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது.

இதனுடன் வரிச்சுமையும் சேர்கிறது. சரக்கு மற்றும் சேவை வரி, பணம் வந்த நாளைப் பொறுத்து அமைவதில்லை. ஜனவரி விற்பனைக்குரிய வரியை, உள்ளீட்டு வரி வரவு போக, மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவர் பிப்ரவரி 20க்குள் செலுத்த வேண்டும். வராத பணத்திற்கு முன்கூட்டியே வரி கட்டுகிறார் வழங்குநர். அவ்வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளும் வாங்குநருக்கோ, பணம் தர 180 நாள் வரை பொறுக்கிறது அதே வரிச் சட்டம். அதன் பின்னரே வரவைத் திருப்பச் சொல்கிறது.

3. முதல் வழிமுறை: வட்டி உரிமை

2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தவணைக்கு எல்லை வகுக்கிறது. எழுத்துவழி ஒப்பந்தம் இருப்பின் அதில் கண்ட நாளுக்குள் பணம் தரவேண்டும். அந்நாள் பொருளை ஏற்றதிலிருந்து 45 நாளைத் தாண்டக்கூடாது. ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாளுக்குள் தரவேண்டும். பொருள் பெற்ற 15 நாளுக்குள் வாங்குநர் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்காவிடின், பொருள் வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். தாமதமாயின் 16ஆம் பிரிவின்படி ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தின் மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டப்படும் கூட்டு வட்டியாகத் தரப்படல் வேண்டும்.

மேற்கண்ட எடுத்துக்காட்டின் காலத்தில் வங்கி வீதம் 6.75 விழுக்காடு, மும்மடங்கு 20.25 விழுக்காடு. நான்கு மாதத் தாமதத்திற்கு உரிய வட்டி ஏறத்தாழ ரூ.81,700 ஆகிறது. பட்டறையின் முழு இலாபத்தையும் விஞ்சும் தொகை இது. தாளில் நோக்கின் சட்டம் கடுமையானதே. பணம் வராதபோது 18ஆம் பிரிவின்கீழ் மாநில அரசு அமைத்துள்ள வசதியாக்க மன்றத்தை வழங்குநர் அணுகலாம். மன்றம் முதலில் சமரசம் செய்யும். அது கைகூடாவிடின் நடுவர் தீர்ப்புக்கு வழிவகுக்கும். தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்லும் வாங்குநர் தொகையில் 75 விழுக்காட்டை முன்னதாகச் செலுத்த வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. 2017 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘சமாதான்’ இணையதளம் மனுவை வீட்டிலிருந்தே அளிக்க வழிசெய்தது.

இத்தனை இருந்தும் இவ்வழிமுறையின் சக்கரம் சுழல ஒரு நிபந்தனை உண்டு: வழங்குநரே மனு அளிக்க வேண்டும். மனு அளித்தால் வட்டி கிடைக்கலாம். அடுத்த ஆணை கிடைக்குமா? வாங்குநர் ஒருவரையே நம்பியுள்ள பட்டறைக்கு இவ்வினாவின் எடை வட்டித் தொகையைவிடப் பெரிது. ஆகவே மனு என்பது பெரும்பாலும் உறவு முறிந்த பின் எடுக்கப்படும் கருவியாகவே நின்றுவிட வாய்ப்புண்டு. மேலும், இப்பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களாகிய வழங்குநர்க்கே உரியது. நடுத்தர நிறுவனங்களுக்கு இல்லை. வாங்கி விற்கும் வணிகர்கள் 2021இல் ‘உத்யம்’ பதிவுக்கு அனுமதிக்கப்பட்டபோதும், முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே அனுமதிக்கப்பட்டனர்.

4. இரண்டாம் வழிமுறை: வரி விதி

2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் (எச்) என்னும் உட்கூறைச் சேர்த்தது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் இது பொருந்துகிறது. குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கிய பொருளுக்கு மேற்கண்ட 15ஆம் பிரிவின் காலவரம்புக்குள் பணம் தராவிடின், அச்செலவை, பணம் உண்மையில் தரப்பட்ட ஆண்டில்தான் கழித்துக்கொள்ள முடியும். 43பி பிரிவின் பிற இனங்கள் பலவற்றில், வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் நாளுக்குள் செலுத்தினால் கழிவு கிடைத்துவிடும். இவ்வினத்திற்கு அச்சலுகை இல்லை.

இதன் நுட்பம் கவனத்திற்குரியது. வழங்குநர் புகார் செய்ய வேண்டியதில்லை. காலவரம்பு கடந்த ரூ.1 கோடி நிலுவை மார்ச் 31 அன்று கணக்கில் நின்றால், 25 விழுக்காட்டு வீதத்தில் வரி செலுத்தும் வாங்குநர் அவ்வாண்டில் ரூ.25 இலட்சம் கூடுதல் வரி கட்ட நேரும். பின்னர் பணம் தந்த ஆண்டில் அக்கழிவு அவருக்குக் கிடைக்கும். எனவே இது நிரந்தர இழப்பன்று, காலத்தாழ்வு. ஆயினும் தாமதத்தின் ஆதாயமும் காலத்தாழ்வே ஆதலின், முள்ளை முள்ளால் எடுக்கும் முறையாக இது அமைகிறது. வழங்குநரின் மனுவுக்குக் காத்திராமல், வாங்குநரின் கணக்காளரும் தணிக்கையாளருமே நிலுவைப் பட்டியலைப் புரட்டத் தொடங்குகின்றனர்.

எல்லைகளும் உள. ஆண்டிறுதியை முன்னிட்டே அழுத்தம் எழுவதால், ஏப்ரலில் ஏற்ற பொருளுக்கு அடுத்த மார்ச் வரை தாமதித்தாலும் இவ்விதியால் இழப்பில்லை. வருமான வரி செலுத்தாத அரசுத் துறைகளையும், இலாபமற்ற நிறுவனங்களையும் இது தீண்டாது. பதிவு பெற்ற சிறு நிறுவனத்தைத் தவிர்த்து, நடுத்தர நிறுவனத்திடமோ பதிவற்றவரிடமோ வாங்கும் ஊக்கமும் இதனால் எழக்கூடும். பாதுகாப்பே தடையாகும் இவ்வாய்ப்பு கள ஆய்வுக்கு உரியது.

5. மூன்றாம் வழிமுறை: மின்னணு நிலுவைத் தளம்

ரிசர்வ் வங்கி 2014 டிசம்பரில் வகுத்த வழிகாட்டுதலின்படி 2017இல் ட்ரெட்ஸ் தளங்கள் செயல்படத் தொடங்கின. இதன் படிநிலைகள் எளியவை. வழங்குநரின் பில் தளத்தில் ஏற்றப்படும். வாங்குநர் அதனை ஏற்றுக்கொள்வார். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அதற்கு ஏலம் கேட்கும். வழங்குநர் தமக்கு உகந்த கேள்வியைத் தேர்ந்து, கழிவு போகப் பணத்தை உடனே பெறுவார். தவணை நாளில் வாங்குநரின் கணக்கிலிருந்து நிதியாளருக்குப் பணம் செல்லும்.

இங்கு இரு சிறப்புகள் உள்ளன. முதலாவது, ஏலத்தின் வட்டி வாங்குநரின் கடன் தகுதியைப் பொறுத்து அமைவதால், சொத்து அடமானம் இல்லாத பட்டறையும் பெரிய நிறுவனத்தின் நற்பெயரால் குறைந்த செலவில் பணம் பெறும். இரண்டாவது, வாங்குநர் தவறினாலும் நிதியாளர் வழங்குநரிடம் திரும்ப வரமுடியாது.

ஆயினும் வாங்குநரின் ஏற்பு இன்றி இத்தளம் இயங்காது. ஏற்றுவிட்டால் தவணை நாள் உறுதியாகிவிடும் என்பதே சில வாங்குநர்க்குத் தயக்கம் தரக்கூடும். ரூ.500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுமங்கள் பதிவு செய்ய வேண்டுமென 2018இல் ஆணையிடப்பட்டது. 2024 நவம்பரில் அவ்வரம்பு ரூ.250 கோடியாகக் குறைக்கப்பட்டது. இவை பதிவைக் கட்டாயமாக்கின. ஒவ்வொரு பில்லையும் ஏற்றுவதைக் கட்டாயமாக்கவில்லை. வாசலைத் திறந்து வைப்பதும் உள்ளே அழைப்பதும் வேறு வேறு.

6. ஒப்பீடு

முதல் வழிமுறையில் அசைய வேண்டியவர் வழங்குநர். அவருக்குச் சட்ட உரிமை உண்டு, துணிவதற்கான சூழல் குறைவு. இரண்டாவதில் அசைபவர் வாங்குநர். அவரை அசைப்பது தம் வரிச்செலவு, ஆனால் ஆண்டிற்கு ஒரு முறையே அது கடிக்கும். மூன்றாவதில் இருவரும் சேர்ந்து அசைய வேண்டும்; இணைந்தால் பயன் மிகுதி, ஒருவர் விலகினால் ஒன்றுமில்லை. ஆகவே இவை ஒன்றுக்கொன்று மாற்றாகா. ஒன்றன் இடைவெளியை மற்றொன்று ஓரளவு நிரப்புகின்றன.

விரைந்து பணம் தருவதன் பயன் நிறுவனத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதற்குப் பிறநாட்டுச் சான்று உண்டு. அமெரிக்கக் கூட்டரசு 2011இல் சிறு ஒப்பந்ததாரர்களுக்குப் பணம் தரும் காலத்தை 30 நாளிலிருந்து 15 நாளாகக் குறைத்தது. அதனை ஆராய்ந்த பாரோ, நந்தா ஆகியோரின் 2020ஆம் ஆண்டுக் கட்டுரை, அந்நிறுவனங்களில் வேலைவாய்ப்பும் ஊதியச் செலவும் உயர்ந்ததைக் காட்டியது. தொழிலாளர் தட்டுப்பாடு உள்ள பகுதிகளில் பிற நிறுவனங்களின் வேலைவாய்ப்பு அதனால் குறைந்ததையும் சுட்டியது. அங்கு முதலில் அசைந்தது அரசு என்னும் வாங்குநரே என்பது நம் ஒப்பீட்டுக்குப் பொருத்தமானது.

முடிவுரை

இவ்விளக்கத்திலிருந்து பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

• நிலுவைத் தொகைச் சிக்கலின் வேர் சட்டமின்மை அன்று; உரிமையைக் கோருவதன் சுமை எளியவர் தோளில் வைக்கப்பட்டிருப்பதே.

• வழங்குநரின் புகாரை எதிர்பாராத விதிகளே பேர ஏற்றத்தாழ்வை ஈடுசெய்யும் தன்மை கொண்டவை. 45 நாளைக் கடந்த நிலுவைகளை நிறுமங்கள் அரையாண்டுக்கு ஒரு முறை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் 2019ஆம் ஆண்டு ஆணையும் இவ்வகையினதே.

• எழுத்துவழி ஒப்பந்தம், பொருள் ஏற்பு நாளுக்கான சான்று, பில்லில் உத்யம் பதிவு எண் ஆகிய மூன்றும் மேற்கண்ட வழிமுறைகளுக்கு அடித்தளம். வாய்மொழி ஆணையில் இயங்கும் பட்டறைகள் முதலில் சீர்செய்ய வேண்டியது இதுவே.

• வரி விதிக்குப் பின் வாங்குநர்கள் தம் வழங்குநர்களை மாற்றினரா, தவணையைக் குறைத்தனரா என்பதைத் தொழில் நகரங்கள்தோறும் ஆராய்தல் அடுத்த கட்டப் பணியாகும்.

செய்த பொருளுக்குரிய பணம் உரிய நாளில் வருவது சலுகையன்று. அது நிகழாதவரை, தொழில் முனைவோர்க்கு வழங்கப்படும் புதுக் கடன்களில் ஒரு பகுதி, அவர்க்கு வரவேண்டிய பழைய பணத்தின் இடத்தை நிரப்புவதற்கே செலவாகிக்கொண்டிருக்கும்.