கல்லில் எழுந்த கானகம்

பசிபிக் மாகடலின் நடுவே அமைந்துள்ள ஹவாய்த் தீவுகள் யாவும் எரிமலைகள் உமிழ்ந்த குழம்பினால் உருவானவை. நெருப்பாறு ஓடிய நிலத்தில் புல் பூண்டேனும் முளைக்குமோ என நாம் ஐயுறலாம். ஆனால், அங்கு இயற்கையாக வளரும் பூக்கும் தாவரங்களில் பத்தில் ஒன்பது வகை, உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காதவை. கடல் சூழ்ந்த தனிமை இதற்கொரு காரணம். காலடியில் கிடக்கும் கல் மற்றொரு காரணம்.

ஒரே எரிமலையின் குழம்பு இருவகையாக உறைகிறது. கயிறு திரித்தாற்போல் வழவழப்பாக உறைவதைத் தீவினர் ‘பாஹோயிஹோயி’ என்பர். கரடுமுரடான கட்டிகளாக உறைவதை ‘ஆ-ஆ’ என்பர். நிலவியல் அறிஞரும் உலகெங்கும் இப்பெயர்களையே வழங்குகின்றனர். வழவழப்பான பாறையில் மழைநீர் நில்லாது ஓடிவிடும். வெடிப்புகளில் தங்கிய தூசியிலும் ஈரத்திலுமே விதைகள் வேரூன்றும். கரட்டுக் கட்டிகளின்மேல் முதலில் சாம்பல் நிற லைக்கன்கள் படரும். எரிமலைச் சாம்பல் படிந்த இடமோ நீரைப் பிடித்து வைத்துச் செடிகளை வளர்க்கும்.

இப்புதுப் பாறைகளில் முதலில் நிற்கும் மரம் செந்நிறப் பூக்கள் கொண்ட ‘ஓஹியா’. அதன் நுண்ணிய விதைகளைக் காற்றே சுமந்து வருகிறது. 2018-இல் கிலாவேயா எரிமலையின் குழம்பு ஏறத்தாழ 35 சதுர கிலோமீட்டர் நிலத்தை மூடி, எழுநூறுக்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. இவ்வாறு குழம்பு பாயும்போது, சுற்றி வளைத்தும் தீண்டாமல் விட்டுச் செல்லும் பசுந்திட்டுகள் உண்டு. ‘கீபுகா’ எனப்படும் அத்திட்டுகளே அண்டைப் பாறைகளுக்கு விதைக் களஞ்சியம்.

கல்லின் வயதும் கானகத்தை மாற்றுகிறது. இளம் பாறையில் பாஸ்பரஸ் உண்டு, நைட்ரஜன் இல்லை. அது சிறிது சிறிதாகவே சேர வேண்டும். சுமார் 40 லட்சம் ஆண்டுப் பழமையுடைய கவாய் தீவு மண்ணிலோ, பாறை தந்த சத்தை மழை கரைத்துச் சென்றுவிட்டது. ஆசியாவிலிருந்து காற்றில் வரும் தூசியின் பாஸ்பரஸே அங்குள்ள காட்டைப் பெரிதும் காக்கிறது.

இன்று ஓஹியாவுக்கே ஆபத்து நேர்ந்துள்ளது. 2014-இல் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சைநோய், பட்டையிலுள்ள காயத்தின் வழியே புகுந்து, இலட்சக்கணக்கான மரங்களை மாய்த்துள்ளது. நோய் முற்றிய மரம் சில வாரங்களுக்குள் கருகிவிடுகிறது. நோய்க்கிருமி மண்ணிலும் ஒட்டியிருக்கக்கூடும். ஆதலால், காட்டுக்குள் செல்வோர் நுழையும் முன்னும் வெளியேறிய பின்னும் காலணிகளைத் துலக்கித் துடைக்குமாறு அங்கே வேண்டப்படுகின்றனர். கல்லைக் கானகமாக்கிய மரத்தைக் காப்பதற்கு அவர்கள் செய்யக்கூடிய எளிய உதவி அதுவே.