ரேழியிலிருந்து கொல்லை வரை

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்றார்கள் பெரியவர்கள். இந்நாளில் அதனுடன் "வீட்டுக்குள் கம்பியில்லா வலை கட்டிப் பார்" என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் மஸ்கட்டிலும் மெல்போர்னிலும் இருக்க, வயதான பெற்றோர் திருவனந்தபுரத்தில் தனித்திருக்கும் வீடுகள் நம்மிடையே பெருகிவிட்டன. விடுமுறைக்கு வரும் மகனோ மகளோ வாசற்கதவுக்கு ஒன்று, எரிவாயுவுக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று என்று கருவிகளைப் பொருத்திவிட்டு விமானம் ஏறுகிறார்கள். பிறகு அவற்றைக் கட்டிக் காப்பது உள்ளூரில் இருப்பவர் பாடு. எங்கள் குடும்பத்தில் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. பட்டுத் தெரிந்துகொண்டது நம் சங்கக் குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

கைமாற்றும் குடம்

கரமனை அக்கிரகாரத்து வீட்டின் அமைப்பை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அகலம் குறைவு; நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு செல்லும். சுவர்களோ கனமானவை. ரேழியில் வைத்த தலைமைக் கருவியின் அலை இரண்டு சுவர்களைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும்.

இதற்குத்தான் 'மெஷ்' எனப்படும் வலைப்பின்னல் முறை வந்தது. கிணற்றடியிலிருந்து வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றுவது போல, ஒரு கருவி சொல்லும் செய்தியை அடுத்த கருவி வாங்கி அதற்கடுத்ததிடம் கொடுக்கும். நடுவில் ஒருவர் விலகினாலும் வேறு வழியில் குடம் வந்து சேரும். தகவல் தொடர்புக்கு இத்தகைய வலையே உறுதியானது என்று அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த பால் பாரன் 1964-இல் விரிவாக எழுதினார். வீட்டுக் கருவிகளில் பரவலாக உள்ள 'ஜிக்பீ' முறை, 2003-இல் வெளியான ஒரு தொழில்நுட்பத் தரத்தின் மீது கட்டப்பட்டது. 2022-இல் வந்த 'மேட்டர்' தரத்தின்படி இயங்கும் கருவிகள் பலவும் இதே அடிப்படையிலான 'திரெட்' வலையைப் பயன்படுத்துகின்றன.

இங்கே ஒன்றை நன்றாக நினைவில் கொள்ள வேண்டும். எல்லாக் கருவிகளும் குடத்தைக் கைமாற்றுவதில்லை. மின்சாரத்தில் நிரந்தரமாக இணைந்திருக்கும் பிளக்குகளும் பல்புகளும்தான் பொதுவாக அந்த வேலையைச் செய்யும். பேட்டரியில் இயங்கும் கதவு உணரியும் அழைப்புப் பொத்தானும் தம் செய்தியை மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கிவிடும்.

ஐப்பசி மாலையில்

எண்பத்தொரு வயதான என் தாயாருக்காகக் குளியலறைச் சுவரில் ஓர் அழைப்புப் பொத்தான் பொருத்தியிருந்தோம். அழுத்தினால் ரேழியில் மணி அடிக்கும். என் கைபேசிக்கும் செய்தி வரும். கூடத்தில் ஒன்றும் அடுக்களையில் ஒன்றுமாக இரண்டு பிளக்குகள் செய்தியைக் கடத்தின. ஆறு மாதம் குறையின்றி நடந்தது.

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, இடியுடன் மழை. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். பொத்தானை மூன்று முறை அழுத்தியும் மணி அடிக்கவில்லை. பித்தளைச் சொம்பால் தரையில் தட்டிய ஓசை கேட்டுப் பக்கத்து வீட்டு மாமி ஓடி வந்தார். மணிக்கட்டில் சுளுக்கோடு போயிற்று; தெய்வாதீனம்தான்.

கருவியைத் திட்டினேன். பேட்டரியை மாற்றினேன். பயனில்லை. பிறகு அடுக்களைக்குப் போய்ப் பார்த்தால், பிளக்கின் சுவிட்ச் அணைந்திருந்தது.

"இடி இடிச்சா எல்லாத்தையும் அணைக்கணும்னு நீதானேடா சொன்னே? தவிர, சும்மா எரிஞ்சிண்டிருந்தா கரண்டு சார்ஜ் ஏறாதா?" என்றார் அம்மா.

அவர் சொன்னதில் தவறில்லை. நம் ஊர் இடிக்கு அஞ்சிப் பிளக்கைக் கழற்றுவது கேரளத்தில் எல்லார் வீட்டிலும் உள்ள பழக்கம். அந்தச் சின்னப் பெட்டிதான் தன் குரலைச் சுமந்து செல்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. தவறு என்னுடையது.

பிழை தேடும் முறை

வலை அறுந்தால் எல்லாக் கருவிகளையும் நீக்கி முதலிலிருந்து இணைக்க வேண்டாம். முதலில் மின்சாரம் வருகிறதா என்று ஒவ்வொரு கடத்தும் கருவியையும் பாருங்கள். மின்சாரம் போய் வந்தால் அவை ஒன்றையொன்று கண்டுகொள்ளச் சற்று நேரம் பிடிக்கும், பொறுத்திருங்கள்.

கடத்தும் வேலையைப் பல்பிடம் ஒப்படைக்காதீர்கள். சுவரில் சுவிட்ச் இருக்கும்வரை யாராவது அணைக்கத்தான் செய்வார்கள். சுவிட்ச் பெட்டிக்குள் பொருத்தும் கருவி வாங்குவதானால், அங்கே நியூட்ரல் கம்பி உண்டா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். பழைய வீடுகளில் பெரும்பாலும் இராது. நியூட்ரல் இல்லாமல் இயங்கும் வகைகள் பொதுவாகச் செய்தியைக் கடத்துவதில்லை.

அடுத்தது அலை நெரிசல். 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையை உரிமமின்றிப் பயன்படுத்த 2005-இல் இந்திய அரசு அனுமதித்தது. வைஃபை, புளூடூத், ஜிக்பீ எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இரைகிறது. சுவரோடு சுவர் ஒட்டிய அக்கிரகாரத்தில் அக்கம்பக்கத்து வைஃபை முழுவதும் நம் வீட்டில் வீசும். ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை தடங்கள் உண்டு. வைஃபை வழக்கமாக 1, 6, 11 ஆகிய தடங்களில் இயங்குவதால், அவற்றின் இடைவெளியில் விழும் ஜிக்பீ 15, 20 அல்லது மேலே ஒதுங்கியுள்ள 25 நல்லது. தடம் மாற்றினால் சில உணரிகளை மீண்டும் இணைக்க நேரிடலாம்.

தலைமைக் கருவியை வைஃபை பெட்டியின் மேலேயோ இரும்பு அலமாரிக்குப் பின்னாலோ வைக்காதீர்கள். உணரியை அது இருக்கப்போகும் இடத்தில் வைத்தே இணையுங்கள். ரேழியில் இணைத்துக் கொல்லைக்குக் கொண்டுபோனால், சில உணரிகள் பழைய தொடர்பையே பிடித்துக்கொண்டு தவிக்கும். இணையம் அறுந்தாலும் வீட்டுக்குள் மணி அடிக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது தலைமைக் கருவியும் கடத்தும் பிளக்குகளும் இன்வெர்ட்டர் வரிசையில் உள்ளன. அடுக்களைக்கும் குளியலறைக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்றும் சேர்த்தோம். ஒவ்வொன்றின் மேலும் "அணைக்கக் கூடாது" என்று தமிழிலும், வேலைக்கு வரும் சேச்சிக்காக மலையாளத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். பலத்த இடியில் கழற்றினால் மழை நின்றதும் திரும்பப் போட வேண்டும். அதுவரை அம்மா குளிக்கப் போவதில்லை என்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமைதோறும் அம்மாவே பொத்தானை அழுத்திச் சோதிக்கிறார்.

மலைச்சரிவிலும் இதே பாடம்

தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் மூணாறில், நிலச்சரிவை முன்கூட்டி அறிய அமிர்தா பல்கலைக்கழகத்தார் கம்பியில்லா உணரி வலை ஒன்றை அமைத்திருக்கின்றனர். மண்ணில் துளையிட்டு இறக்கிய உணரிகள், மழைநீர் ஊறுவதையும் மண் நகர்வதையும் கவனித்துச் செய்தி அனுப்புகின்றன. வீடானாலும் மலையானாலும், மழைநாளில்தான் வலை வேலை செய்தாக வேண்டும். வெயில் நாளில் சோதித்துத் திருப்தி அடைந்தால் போதாது.

கடைசியாக ஒன்று. குளியலறை ஓரத்தில் ஒரு கயிறு தொங்குகிறது. அதன் மறுமுனை, முற்றத்தைத் தாண்டிப் பக்கத்து வீட்டு மாமியின் காதுக்கெட்டும் தூரத்தில் ஒரு வெண்கல மணியில் கட்டியிருக்கிறது. அதற்கு மின்சாரமும் வேண்டாம், தடமும் வேண்டாம். அம்மா அதையும் வெள்ளிக்கிழமை ஒரு முறை இழுத்துப் பார்த்துக்கொள்கிறார்.