வீட்டுக்குள் சூழொலி



நான் சிறுவனாக இருந்தபோது, 1980-களின் பிற்பகுதியில், எங்கள் தோட்டத்துத் திருவிழாவில் திடலிலே வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். பாய் விரித்து அமர்ந்து பார்ப்போம். திரைக்கு அடியில் ஒரே ஓர் ஒலிபெருக்கி இருக்கும். கதாநாயகன் இடப்புறம் நின்று பேசினாலும், இரயில் வலப்புறம் ஓடினாலும் எல்லா ஒலியும் அந்த ஒரே பெட்டியிலிருந்துதான் வரும். அதில் எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

இன்று பல வீடுகளில் பெரிய தொலைக்காட்சிப் பெட்டி வந்துவிட்டது. அதையொட்டி, "நம் வீட்டிலும் ஹோம் தியேட்டர் வைத்தால் என்ன?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. ஆனால், வாங்குவதற்கு முன்னால் அது எவ்வாறு இயங்குகிறது என்று அறிந்துகொண்டால் பணமும் மிஞ்சும். கேட்பதும் இனிமையாக இருக்கும். இன்றைய உரையில் அதைத்தான் காண இருக்கிறோம்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆகவே, பால்மரக் காட்டிலிருந்தே தொடங்குவோம். விடிந்தும் விடியாத இருட்டில் நிரையில் நின்று மரம் சீவிக்கொண்டிருக்கிறீர்கள். பின்னால் இடப்பக்கத்தில் ஒரு குச்சி முறிகிறது. கண்ணால் பார்க்காமலேயே சட்டென்று அந்தப் பக்கம் திரும்புகிறீர்கள். எப்படி? அந்த ஒலி இடக்காதுக்கு முதலிலும், வலக்காதுக்குச் சற்றுப் பின்னாலும் வந்து சேர்கிறது. வலக்காதில் சற்றுக் குறைவாகவும் கேட்கிறது. அந்த நேர வேறுபாடு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஆயினும் நம் மூளை அதைக் கணக்கிட்டுத் திசையைச் சொல்லிவிடுகிறது.

சூழொலி, அதாவது 'சரவுண்ட் சவுண்ட்', என்பது இந்த இயற்கைத் திறனை நம்பிச் செய்யப்பட்ட ஏற்பாடுதான். திரையரங்கில் பல பெட்டிகளிலிருந்து ஒலியைப் பிரித்துத் தரும் முயற்சி 1940-இல் வெளிவந்த வால்ட் டிஸ்னியின் 'ஃபாண்டேசியா' படத்திலேயே நடந்தது. 1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' படம் டால்பி ஸ்டீரியோ முறையைப் புகழ்பெறச் செய்தது. 1996-இல் ஜப்பானில் டிவிடி தட்டுகள் விற்பனைக்கு வந்த பின்னர், இந்த வசதி சாதாரண இல்லங்களுக்கும் பரவியது.

கடையில் '5.1' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பொருள் என்ன? ஐந்து பெட்டிகள் சாதாரண ஒலிக்கு. ஒரு பெட்டி கனத்த தாழ்ந்த ஒலிக்கு மட்டும். ஐந்தில் இரண்டு முன்னால் இடமும் வலமும் நிற்கும். ஒன்று தொலைக்காட்சிக்குக் கீழே நடுவில் இருக்கும். மற்ற இரண்டும் நாம் அமரும் இடத்தின் இரு பக்கங்களிலும் சற்றுப் பின்தள்ளி இருக்கும். ஆறாவது பெட்டிக்கு 'சப்வூஃபர்' என்று பெயர். இடி, வெடி, உறுமி மேளம் போன்றவற்றின் அடி ஒலியை அது தருகிறது.

இவற்றுள் மிக முக்கியமானது எது என்று கேட்டால், பலரும் வீட்டை அதிர வைக்கும் சப்வூஃபரைக் காட்டுவார்கள். அது சரியன்று. படத்தில் பேசப்படும் பேச்சின் பெரும்பகுதி நடுப்பெட்டியிலிருந்துதான் வருகிறது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என் தகப்பனார் தோட்டத்து ஆலையில் இயந்திரங்களுக்கு நடுவே பல ஆண்டுகள் வேலை செய்தவர். வயதான பிறகு காது மந்தமாகிவிட்டது. தொலைக்காட்சியில் பேசுவது விளங்காததால், குடும்பத்தோடு அமர்ந்து படம் பார்ப்பதை விட்டுவிட்டு வாசலில் தனியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். அவருக்காகவே தவணையில் ஒரு ஹோம் தியேட்டர் செட் வாங்கினேன். அவசரத்தில் ஐந்து பெட்டிகளையும் தொலைக்காட்சி அலமாரியிலேயே வரிசையாக அடுக்கினேன். சத்தம் பெரிதானதே தவிர, பேச்சு தெளியவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, "சார், பிள்ளைக்கு எஸ்.பி.எம். பரீட்சை" என்று சொல்லும்படி ஆயிற்று. ஆசிரியனாகிய எனக்கு அது எவ்வளவு வெட்கம்! என் தகப்பனாரோ வாசலை விட்டு உள்ளே வரவேயில்லை.

அதன் பிறகுதான் உட்கார்ந்து முறைப்படி படித்தேன். செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் இடம். நீங்கள் அமரும் நாற்காலியை ஒரு கடிகாரத்தின் நடுப்புள்ளியாக நினைத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சி 12 மணி இருக்கும் இடத்தில் இருக்கட்டும். நடுப்பெட்டியும் அங்கேதான். முன்பெட்டி இரண்டும் 11 மணியிலும் 1 மணியிலும் நிற்க வேண்டும். பின்பெட்டிகளில் வலப்பக்கத்தது 4 மணிக்குச் சற்று முன்னும், இடப்பக்கத்தது 8 மணிக்குச் சற்றுப் பின்னும் இருக்க வேண்டும். முன்பெட்டிகள் காது உயரத்தில் இருப்பது நல்லது. பின்பெட்டிகளைக் காதுக்கு மேலே இரண்டடி உயரத்தில் சுவரில் மாட்டலாம். நடுப்பெட்டி தாழ்வாக இருந்தால் அதன் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, நம் முகத்தை நோக்கித் திருப்பிவிடுங்கள்.

இரண்டாவது, வயர். ஒவ்வொரு பெட்டியின் பின்னாலும் சிவப்பு, கறுப்பு என இரு முனைகள் உண்டு. ஆம்ப்ளிபையரில் சிவப்பில் மாட்டிய கம்பி பெட்டியிலும் சிவப்பில்தான் சேர வேண்டும். ஒரு பெட்டியில் மட்டும் மாறிவிட்டால், ஒரு பெட்டி காற்றைத் தள்ளும் நேரத்தில் மற்றது இழுக்கும். அடி ஒலி மெலிந்து போகும். பாட்டு எங்கிருந்து வருகிறது என்றே புரியாது. பெட்டி பழுது என்று கடைக்குத் தூக்கிச் செல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

மூன்றாவது, தூரம். நமது வெப்பமான காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. என் வீட்டு முன்கூடம் 3 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளம். முன்பெட்டி என்னிடமிருந்து 2.5 மீட்டரிலும், பின்பெட்டி 1 மீட்டரிலும் இருக்கின்றன. ஆகவே, பின்பெட்டியின் ஒலி முந்திக்கொண்டு வந்துவிடும். ஆம்ப்ளிபையரின் அமைப்புப் பட்டியலில் ஒவ்வொரு பெட்டியின் தூரத்தையும் கேட்கும். அளவு நாடாவால் அளந்து சரியாகக் கொடுங்கள். அருகிலுள்ள பெட்டியை அது தானே தாமதப்படுத்தி, எல்லா ஒலியும் ஒன்றாக வந்து சேரும்படி செய்துவிடும்.

நான்காவது, சத்தத்தின் அளவு. அதே பட்டியலில் சோதனை ஒலி ஒன்று உண்டு. ஒவ்வொரு பெட்டியிலும் மழை இரைவது போன்ற ஒலி மாறி மாறி வரும். நீங்கள் அமரும் இடத்தில் இருந்தபடியே, எல்லாம் ஒரே அளவில் கேட்கும்படி திருத்துங்கள். வீட்டில் காது மந்தமான பெரியவர் இருந்தால், நடுப்பெட்டியை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள். 'நைட் மோட்' என்ற வசதி இருந்தால் இரவில் அதைப் போடுங்கள். அது பெரிய வெடிச் சத்தத்தைத் தாழ்த்தி, மெல்லிய பேச்சை மேலே கொண்டுவரும்.

ஐந்தாவது, சப்வூஃபர். ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் கண்டுபிடிக்காது. ஆகவே, அதை எங்கும் வைக்கலாம் என்பார்கள். ஆனால் இடத்துக்கு இடம் அதன் முழக்கம் மாறும். ஒரு நல்ல வழி சொல்கிறேன். சப்வூஃபரை முதலில் நீங்கள் அமரும் நாற்காலியின் மேலேயே வைத்துப் பாட்டைப் போடுங்கள். பிறகு சுவர் ஓரமாகக் குனிந்து தவழ்ந்து சென்று கேளுங்கள். பிள்ளைகள் சிரிக்கட்டும்! எந்த இடத்தில் முழக்கம் சீராகவும் தெளிவாகவும் கேட்கிறதோ, அங்கே பெட்டியைக் கொண்டு வையுங்கள். பலகைச் சுவர் கொண்ட வரிசை வீடாக இருந்தால், அண்டை வீட்டுச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். தாழ்ந்த ஒலி சுவரை எளிதில் ஊடுருவிச் செல்லும்.

வெறும் சிமெண்டுத் தரையும் தகரக் கூரையும் ஒலியைத் திருப்பி எறிந்து பேச்சைக் குழப்பும். ஒரு பாய், கனமான திரைச்சீலை, பழைய துணி நிறைந்த அலமாரி ஆகியவை அந்த எதிரொலியைக் குறைக்கும். இதற்குச் செலவே இல்லை.

எல்லாம் செய்த பிறகும் பழைய படங்களில் பின்பெட்டி பேசாமல் இருக்கலாம். பயப்பட வேண்டாம். பழைய தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் ஒலிப்பதிவு செய்யப்பட்டவை. இல்லாத ஒலியைப் பெட்டி எங்கிருந்து தரும்? புதிய படமும் அப்படியே இருந்தால், தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் 'டால்பி' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' என்பது தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி பணத்தைப் பற்றிப் பேசுவோம். அட்டைப் பெட்டியில் ஆயிரக்கணக்கில் 'வாட்' போட்டிருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். வாட் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது சிறிதளவு வித்தியாசமே. இரு மடங்கு சத்தமாகத் தோன்றுவதற்குப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். நம்முடைய சிறிய கூடத்துக்கு அவ்வளவு எதற்கு?

தவணையில் வாங்குவோர் மாதத் தொகையை மட்டும் பார்க்கக்கூடாது. உதாரணமாக, ரொக்க விலை 1,200 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 65 ரிங்கிட் வீதம் 24 மாதம் கட்டினால் மொத்தம் 1,560 ரிங்கிட். கூடுதலாகப் போவது 360 ரிங்கிட். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு அது எவ்வளவு உதவும்! ஒரேயடியாக வாங்கத்தான் வேண்டுமென்பதில்லை. பின்னால் பெட்டிகளைச் சேர்க்கக்கூடிய ஆம்ப்ளிபையர் ஒன்றும், நல்ல பெட்டி இரண்டும் முதலில் போதும். அடுத்து நடுப்பெட்டி, பிறகு சப்வூஃபர், கடைசியில் பின்பெட்டிகள் என்று சேமித்துச் சேமித்து வாங்கலாம். இடமே இல்லாத வீட்டுக்கு, தொலைக்காட்சிக்குக் கீழே வைக்கும் 'சவுண்ட்பார்' ஒன்றே போதும்.

பாதுகாப்பையும் மறக்கக்கூடாது. ஒரே பிளக்கில் பல சாதனங்களை மாட்டி இழுக்காதீர்கள். மூன்று முனைப் பிளக்கின் நில இணைப்பைத் துண்டிக்காதீர்கள். நம் நாட்டில் இடியும் மின்னலும் அதிகம். மழை கருக்கும்போதே பிளக்கையும் ஏரியல் வயரையும் கழற்றிவிடுங்கள்.

என் கதையை முடிக்கிறேன். ஒரு சனிக்கிழமை காலையில் எல்லாப் பெட்டிகளையும் இறக்கி, அளந்து, மாற்றி வைத்தேன். நடுப்பெட்டியைக் கூட்டினேன்; சப்வூஃபரைப் பாதியாகக் குறைத்தேன். மொத்தச் சத்தம் முன்பைவிடக் குறைந்துதான் இருந்தது. அன்றிரவு படம் ஓடிக்கொண்டிருந்தபோது, என் தகப்பனார் வாசலிலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். சற்று நேரம் கேட்டுவிட்டு, "இப்பத்தான்பா அந்தப் பொண்ணு என்ன பேசுதுன்னு விளங்குது" என்றார். பக்கத்து வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

நேயர்களே, சூழொலி என்பது ஊரை அதிர வைப்பதற்கன்று. வீட்டில் இருக்கும் எல்லோரும், காது மந்தமான பெரியவரும்கூட, ஒன்றாக அமர்ந்து கேட்பதற்கே. அளவறிந்து வாங்குங்கள், அளந்து வையுங்கள், அண்டை வீட்டாரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.