சுட்ட பிறகுதான் வேலையே: பனிக்காட்டு மான் வேட்டைக்கு ஏன் நாலு நண்பர்கள்?

அக்டோபர் வந்தால் அமெரிக்காவின் வயோமிங், கொலராடோ வேட்டைக்காரர்கள் வானிலை ஆப்பையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. முதல் பனி எப்போ? ராக்கி மலை உச்சிகளில் பனி விழுந்தால், கோடை முழுக்க அங்கே மேய்ந்த மியூல் டீர் மான்கள் கீழே இறங்கத் தொடங்கும். வயோமிங்கில் சில மான்கள் சுமார் 240 கி.மீ. நடக்கின்றன. புதுப் பனியில் குளம்புத் தடமும் பளிச்சென்று தெரியும். (கோவேறு கழுதை மாதிரி பெரிய காது, அதான் அந்தப் பெயர்.)

'வேட்டை குற்றமாச்சே?' இந்தியாவில் ஆமாம், 1972 வனவிலங்குச் சட்டப்படி. அங்கே உரிமம் வாங்கணும். பல பகுதிகளில் அது குலுக்கலில்தான் கிடைக்கும்.

சரி, நண்பர்கள் எதுக்கு? சுடுவது ஒரு நொடி. ஆனால் வண்டி நிற்பது பல கி.மீ. தள்ளி. கொம்பை மட்டும் எடுத்துக்கிட்டு வந்துட முடியாது. சாப்பிடக்கூடிய இறைச்சியை வீணாக விட்டுவந்தால் குற்றம். அங்கேயே அறுத்து, துணிப் பைகளில் போட்டு, முதுகில் சுமக்கணும். பெரிய ஆண் மானில் எலும்பு நீக்கியே 25-30 கிலோ தேறும். கூடவே டென்ட், துப்பாக்கி. தனி ஆளால் ஒரே நடையில் முடியாது.

இன்னொரு காரணம்தான் முக்கியம். சுமந்து வியர்த்த ஈரச் சட்டையோடு நின்றால் உடல்சூடு மளமளவென இறங்கும். முதலில் நடுக்கம், பிறகு பேச்சு குழறும், கால் தடுமாறும். மூளையும் மந்தமாவதால் பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாமல் போகலாம். கூட வந்தவர்தான் கவனிக்கணும். அப்போ மான் இருக்கட்டும், முதலில் ஈரத் துணியை மாற்றி அவரை டென்ட்டுக்குள் படுக்க வைக்கணும்.

இறைச்சி காத்திருக்கும், அந்தக் குளிரே ஃபிரிட்ஜ். கரடி உலவும் பகுதி என்றால் பைகளை மரத்தில் உயரமாகக் கட்டிவிட்டுத்தான் தூங்கணும்.