அப்பாவை ஏன் குப்புறப் படுக்க வைத்தார்கள்?

2021-ஆம் ஆண்டு நினைவிருக்கிறதா? கோவிட் ஐந்தாம் கட்டத்தில் வீட்டுக்காரரையோ அப்பாவையோ தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிவிட்டு, நேரில் பார்க்க வழியில்லாமல் கைப்பேசியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தோம். அப்போது சிலருக்கு வந்த செய்தி: “குப்புறப் படுக்க வைத்திருக்கிறோம்.” மூச்சுவிட முடியாதவரைக் குப்புறப் போட்டால் இன்னும் திணறாதா?

திணறாது. கோவிட் முற்றியபோது பலருக்கு வந்தது ஏஆர்டிஎஸ் எனப்படும் கடும் மூச்சுத்திணறல் நோய். நுரையீரலின் காற்றுப் பைகளைச் சுற்றியுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் அழற்சியால் கசிய, காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் சேர்ந்துவிடும். மல்லாந்து படுத்தால் இதயத்தின் பாரமும் சேர்ந்து முதுகுப் பக்கத்தை அழுத்தும். நுரையீரலின் பெரும்பகுதி இருப்பதோ அங்கேதான். குப்புறப் படுத்தால் அது விரியும். பிரான்சில் பெரும்பாலும் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், கடும் நிலையில் இருந்தவர்களை ஒவ்வொரு முறையும் குறைந்தது 16 மணி நேரம் இப்படிப் படுக்க வைத்தார்கள். 28 நாளில் அவர்களில் இறந்தவர்கள் 16 விழுக்காடு. மல்லாந்தே இருந்தவர்களில் 33 விழுக்காடு.

“மிஷின்ல போட்டாச்சு, இனி அவ்வளவுதான்” என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. எனக்கு அறவே பிடிக்காத பேச்சு இது. வெண்டிலேட்டர் நோயைக் குணமாக்காதுதான்; நுரையீரல் ஆறும்வரை நேரம் வாங்கித் தருகிறது. அதையும் மெதுவாகத்தான் ஓட்டுகிறார்கள். 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்கு ஒரு மூச்சுக்குச் சுமார் 400 மில்லிலிட்டர் காற்று. சின்ன மினரல் போத்தலைவிடக் குறைவு. முன்பு இதைப்போல் இரு மடங்கு செலுத்தினார்கள். பாதி நுரையீரலே வேலை செய்யும்போது அத்தனை காற்று புண்ணைத்தான் பெரிதாக்கியது. அளவைக் குறைத்ததும் இறப்பு 40-லிருந்து 31 விழுக்காடாக இறங்கியதை, 861 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2000-ஆம் ஆண்டில் காட்டியது.

கோவிட் அடங்கியதோடு ஏஆர்டிஎஸ் போய்விடவில்லை. நிமோனியா, இரத்தத்தில் கிருமித் தொற்று, டிங்கி ஆகியவற்றாலும் வரும். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு எலிக்காய்ச்சலும் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் கால் வைத்து, சில நாள் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், டாக்டரிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.

இன்னொன்று பாராகுவாட் களைக்கொல்லி. 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை. ஆனாலும் பழைய போத்தல் எங்காவது கிடக்கிறதா என்று ஸ்டோரைப் பார்த்துவிடுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் போத்தலையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். இந்த விஷத்தில் ஆக்சிஜனே நுரையீரல் சேதத்தைக் கூட்டும் என்பதால், டாக்டருக்கு இது உடனே தெரிந்தாக வேண்டும்.

காய்ச்சல்காரர் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு ஓடினால், உதடு நீலம் பாரித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள். ஜாசினோ அலோர் காஜாவோ, பக்கத்து அரசு மருத்துவமனைக்கு முதலில் போய்ச் சேரட்டும். தேவைப்பட்டால் அங்கிருந்து மலாக்கா மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.