பெட்டியில் போட்ட செக் பணமாகிவிடாது

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது நம் பெரியவர்கள் வாக்கு. வங்கியில் போட்டாலும் எழுதிப் போடு என்பதை அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் நஷ்டப்பட்டுக் கற்ற பாடம் இது. நம் வணிகச் சகோதரர்களுக்குப் பயன்படட்டும் என்றே எழுதுகிறோம்.

அம்பத்தூரிலிருந்து ஆவடி, பட்டாபிராம், பூவிருந்தவல்லி லைன்களுக்கு நாங்கள் மளிகைச் சரக்கு அனுப்பி வருகிறோம். சின்னத் தொகைகள் இப்போது செல்போன் வழியாகவே வந்துவிடுகின்றன. ஆனால் கடனுக்குச் சரக்கு எடுக்கும் கடைக்காரர்கள் பலர் இன்றும் செக்தான் தருகிறார்கள். வெளியூரிலிருந்து எப்போதாவது டி.டி.யும் வரும்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வழக்கம் இதுதான். வசூலுக்குப் போனவர் செக்குகளைக் கொண்டுவந்ததும் கம்ப்யூட்டரில் வரவு வைப்போம். கட்டாகச் சேர்த்து வங்கி வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிடுவோம். கணக்கு முடிந்தது என்று இருந்துவிடுவோம்.

ஒரு நவம்பர் மாதம் ஒரு கடைக்காரரின் செக் பணமில்லாமல் திரும்பியது. வங்கி அனுப்பிய ரிட்டர்ன் மெமோ, பிரிக்காமலே மேஜை டிராயருக்குள் போய்விட்டது. கம்ப்யூட்டரைப் பார்த்தால் அவர் பெயரில் பாக்கி இல்லை. 'நல்ல பார்ட்டி' என்று மேலும் இரண்டு லோடு அனுப்பினோம். ஏப்ரலில் ஆடிட்டர் வங்கிக் கணக்கை ஒத்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அதற்குள் அவர் கடையைக் காலி செய்துவிட்டார். நோட்டீஸ் கொடுக்கும் கெடுவும் தாண்டிவிட்டது.

இதைவிட மனதை வருத்தியது இன்னொன்று. ஒரே சாமி பெயரில் இரண்டு கடைகள் எங்களிடம் கணக்கு வைத்திருந்தன. ஒருவர் கொடுத்த செக்கை மற்றவர் பெயரில் வரவு வைத்துவிட்டோம். பணம் கொடுத்தவரிடமே ஆள் அனுப்பிப் பாக்கி கேட்டோம். இருபது வருட வாடிக்கைக்காரர் அவர். பாஸ்புத்தகத்தோடு நேரில் வந்து, "அண்ணாச்சி, என் கணக்குல பணம் போயாச்சு. நீங்களே பாருங்க" என்றார். தலைகுனிந்து நின்றோம். போன பணத்தை இன்னொரு வியாபாரத்தில் பிடிக்கலாம். போன நம்பிக்கையைப் பிடிப்பது கஷ்டம்.

தவறு கம்ப்யூட்டருடையது அல்ல, எங்களுடையது. அன்று முதல் கீழ்க்கண்ட முறையைக் கடைப்பிடிக்கிறோம். நாங்கள் வைத்திருப்பது டாலி. வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதுவேதான்.

1. செக் கைக்கு வந்ததும் தேதி, பெயர், எண்ணிலும் எழுத்திலும் உள்ள தொகை, கையெழுத்து ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பெயரிலோ தொகையிலோ திருத்தம் இருந்தால் வாங்கக் கூடாது. சென்னையில் 2011 முதல் செக்கின் படம்தான் வங்கிக்கு வங்கி போகிறது. அந்த முறையில் திருத்திய செக் செல்லாது. புதுச் செக்தான் கேட்க வேண்டும். 2012 ஏப்ரல் முதல் செக்கின் ஆயுள் மூன்று மாதம்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

2. ரசீது பதியும்போது செக் எண், தேதி, வங்கி, எந்த பில்லுக்கு என்ற நான்கையும் தவறாமல் போட வேண்டும். ஒரே பெயருள்ள கடைகளுக்கு ஊர்ப் பெயரையும் சேர்த்துக் கணக்கு திறப்பது நல்லது. பின்தேதியிட்ட செக்காக இருந்தால் 'போஸ்ட் டேட்டட்' என்று குறித்தால், அந்தத் தேதி வரும்வரை அது வரவில் சேராது.

3. டாலியில் 'பேங்கிங்' பகுதியில் 'டெபாசிட் ஸ்லிப்' எடுத்தால், அன்று வங்கிக்குப் போகும் செக்குகள் பட்டியலாக அச்சாகும். கையிலுள்ள செக்குகளின் கூட்டுத்தொகையும் பட்டியலின் தொகையும் ஒன்றாக இருந்தால்தான் ஆள் கடையை விட்டுக் கிளம்ப வேண்டும். வங்கியின் சொந்தச் சலான்தான் வேண்டும் என்றால் அதை நிரப்பி, பட்டியலின் நகலை நம் ஃபைலில் வைக்கலாம்.

4. பெரிய தொகைச் செக்கைப் பெட்டியில் போடாமல் கவுண்டரில் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். கவுண்டரில் கொடுக்கும் செக்குக்கு ஒப்புகை தர வங்கி மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

5. மறுநாளே வங்கிக் கணக்கைப் பார்த்து, பணம் வந்த தேதியை 'பேங்க் ரீகன்சிலியேஷன்' பகுதியில் போட வேண்டும். தேதி விழாத செக் ஒவ்வொன்றும் இன்னும் நம் பாக்கிதான். 2025 அக்டோபர் 4 முதல் வங்கிகள் செக்குகளை மொத்தமாகச் சேர்த்து வைக்காமல், வாங்க வாங்கவே படமெடுத்து அனுப்புகின்றன. பணமும் விரைவில் வருகிறது, திரும்பும் சேதியும் விரைவில் தெரிகிறது. பார்க்காமல் இருந்தால்தான் நஷ்டம்.

6. செக் திரும்பினால் பழைய ரசீதை அழிக்கக் கூடாது. தொகையை வாடிக்கையாளர் பெயரில் பற்று வைத்து, வங்கிக் கணக்கில் கழித்து, வங்கிக் கட்டணத்தைத் தனியாக எழுத வேண்டும். என்றைக்கு வந்தது, என்றைக்குத் திரும்பியது என்ற இரண்டும் கணக்கில் நிற்க வேண்டும்.

பணமில்லாமல் திரும்பிய செக்குக்குச் செலாவணி முறிச்சட்டத்தின் 138ஆம் பிரிவு நமக்குப் பாதுகாப்பு. ஆனால் திரும்பிய தகவல் வந்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களுக்குள் அவர் பணம் கட்டாவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். டிராயரில் தூங்கும் மெமோ இந்தக் கெடுவையெல்லாம் விழுங்கிவிடும்.

அதற்காக முதல் நாளே வக்கீலிடம் ஓட வேண்டாம். முதலில் கடைக்காரரிடம் பேசுவோம். கல்யாணம், ஆஸ்பத்திரி என்று யாருக்கும் ஒரு நெருக்கடி வரும். பேச வேண்டிய நாளில் பேசவும் கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் தினம் அரை மணி நேரம் போதும். மாலையில் கடை கூட்டம் பிடிப்பதற்கு முன் செய்துவிட்டால் இரவு நிம்மதியாகத் தூங்கலாம். செக்கைப் போட்ட அன்றல்ல, வங்கியில் பணம் ஏறிய அன்றுதான் நமக்கு வரவு.